அந்தப் பக்கத்து ஆள்

ஒரு பங்கை நான் வாங்குகிறேன் என்றால், அதே நொடியில் அதை எனக்கு விற்கிற ஒருவர் எங்கேயோ இருந்தே ஆக வேண்டும். சந்தையின் பாலபாடம் இதுதான். எனக்கு இது உறைக்க ஐம்பது வயது தாண்ட வேண்டியிருந்தது. உறைத்த பிறகு நிம்மதி போய்விட்டது. ‘இந்தக் கம்பெனி இனிமேல் ஓஹோவென்று வரும்’ என்று நம்பி நான் பணத்தைப் போடுகிறேன். ‘அப்பாடா, விட்டது சனியன்’ என்று அந்தப் பக்கத்து ஆள் அதே பணத்தை எடுத்துக்கொண்டு கிளம்புகிறார். இரண்டு பேரில் ஒருவருக்குத்தான் விஷயம் தெரிந்திருக்க முடியும். அது யார் என்று எங்கள் வீட்டில் ஓட்டெடுப்பு வைத்தால் எனக்கு என் ஓட்டுகூட விழாது.

யார் இந்த ஆள்? சூரத்தில் ஒரு வைர வியாபாரியாக இருக்கலாம். கனடாவில் வாத்தியார்களின் பென்ஷன் பணத்தைப் பார்த்துக்கொள்ளும் பெரிய நிறுவனமாக இருக்கலாம். பெண் கல்யாணத்துக்காக இருப்பதை விற்கும் மதுரைக்காரராகவும் இருக்கலாம். நான் விரும்புவது அந்த மதுரைக்காரரைத்தான். அவர் விவரம் தெரிந்து விற்கவில்லை, மண்டபத்துக்கு முன்பணம் கட்ட விற்கிறார். கனடாக்காரர் விற்கிறார் என்றால்தான் வயிற்றைக் கலக்குகிறது. அவரிடம் எனக்குத் தெரியாத ஏதோ ஒரு ரிப்போர்ட் இருக்கும்.

ஒரு காலத்தில் இந்தச் சங்கடம் இல்லை. 1850-களில் பம்பாய் டவுன்ஹாலுக்கு எதிரே ஆலமரத்தடியில் தரகர்கள் கூடிப் பேரம் பேசினார்கள். 1875-ல் அவர்கள் சங்கம் வைத்துக்கொண்டார்கள், அதுதான் பிற்பாடு தலால் தெருவின் பங்குச் சந்தை. நம் ஊரிலும் பாரிமுனைக்குப் பின்னால் செகண்ட் லைன் பீச்சில் ஒரு பங்குச் சந்தை இருந்தது. 1937-ல் தொடங்கி, 2015-ல் கடையைக் கட்டினார்கள். அந்தக் கூடங்களில் எல்லாரும் தொண்டை கிழியக் கத்தி விற்றார்கள். விற்கிறவனின் முகத்தை, குறைந்தபட்சம் அவனுடைய தரகரின் முகத்தை, பார்க்க முடிந்தது. 1994 நவம்பரில் தேசியப் பங்குச் சந்தை கம்ப்யூட்டர் திரையில் பங்கு வியாபாரத்தைத் தொடங்கியது. மறு வருஷமே பம்பாயும் மாறியது. அன்றோடு முகம் போயிற்று. வாங்குவதில் அதிக விலை தருகிறவனுக்கும் விற்பதில் குறைந்த விலை கேட்கிறவனுக்கும் முதல் உரிமை, ஒரே விலை என்றால் முதலில் வந்தவனுக்கு உரிமை. இந்த இரண்டு விதிதான் இயந்திரத்துக்குத் தெரியும். நீ யார் வீட்டுப் பிள்ளை என்று அது கேட்பதில்லை.

என்னை இந்தத் துறையில் இறக்கிவிட்டவன் என் மச்சினன். மனைவியின் தம்பி. கையில் எப்போதும் ஒரு தோல்பை வைத்திருப்பான். அதற்குள் ஆயுள் காப்பீடு, மருத்துவக் காப்பீடு, மியூச்சுவல் ஃபண்ட், வண்டிக்கான இன்சூரன்ஸ் என்று மனிதனுக்கு வரக்கூடிய சகல பயங்களுக்கும் விண்ணப்பம் இருக்கும். “மாமா, பேங்க்ல போட்டு வச்சா விலைவாசி தின்னுடும்” என்பான், எங்கள் வீட்டு முறுக்கைத் தின்றுகொண்டே. அவன் சொல்வதில் தப்பில்லை. அப்போது ஃபிக்சட் டெபாசிட் ஏழு சதவீதம் தந்தது. விலைவாசி அதில் ஐந்தையோ ஆறையோ எடுத்துக்கொண்டது. மீதி இருந்ததில் வருமானவரிக்காரர் உட்கார்ந்திருந்தார். பேங்க் முழுகிப்போனால் டெபாசிட் காப்பீட்டுக் கழகம் ஒருவருக்கு 5 லட்சம் வரை தரும், 2020-க்கு முன் அது ஒரு லட்சம்தான். என் டெபாசிட் எந்தக் காலத்திலும் அந்த வரம்பைத் தொட்டுத் தொல்லை கொடுத்ததில்லை என்பது வேறு விஷயம்.

பங்குகளைக் கணினிப் பதிவாக வைக்கிற டீமேட் கணக்கு திறக்க இப்போது எங்கேயும் போக வேண்டாம். உட்கார்ந்த இடத்திலேயே அவமானப்படலாம். பான் கார்டு, ஆதார், வெள்ளைத்தாளில் ஒரு கையெழுத்து. அப்புறம் கேள்விகள். ஆண்டு வருமானம் எவ்வளவு? நிகர சொத்து மதிப்பு எவ்வளவு? நீங்கள் அரசியல் செல்வாக்குள்ள நபரா? மூன்றாவது கேள்வியில் கொஞ்சம் தயங்கினேன். எங்கள் குரோம்பேட்டை நகரின் குடியிருப்போர் நலச் சங்கத்தில் நான் துணைச் செயலாளர். தெரு விளக்கு விஷயமாகக் கவுன்சிலரைப் பார்த்து மனு கொடுத்திருக்கிறேன். “ஆமாம்னு போடட்டுமா?” என்றேன். “அப்பா, விளக்கு எரியுதா?” என்றாள் மகள். எரியவில்லை. ‘இல்லை’ என்று போட்டேன்.

அடுத்து வீடியோ. திரையில் வரும் எண்ணைத் தாளில் எழுதி, முகத்துக்குப் பக்கத்தில் பிடித்துக்கொண்டு, கண்ணைச் சிமிட்ட வேண்டும். நான் உயிரோடு இருக்கிறேனா என்று இயந்திரம் பரிசோதிக்கிறது. வெளிச்சம் போதவில்லை என்றது. மனைவி பூஜை அறை பல்பை மாற்றிப் போட்டாள். முகம் வட்டத்துக்குள் இல்லை என்றது. வட்டத்துக்குள் வந்தால் எண் வெளியே போயிற்று. கடைசியில் அது என்னை உயிருள்ளவன் என்று ஒப்புக்கொண்ட படத்தை மனைவி உற்றுப் பார்த்தாள். “என்னங்க, ஸ்டேஷன்ல வச்சு எடுக்கற போட்டோ மாதிரியே இருக்கே” என்றாள்.

கணக்கு திறந்தாயிற்று. ஒரு கம்பெனியின் பெயரைத் தட்டினால் இரண்டு பத்திகள் வருகின்றன. இடது பக்கம் வாங்கக் காத்திருப்பவர்கள், வலது பக்கம் விற்கக் காத்திருப்பவர்கள், ஐந்தைந்து வரி. இந்தப் பக்கம் ஒருவர் 412 ரூபாய் 30 பைசாவுக்குக் கேட்கிறார், அந்தப் பக்கம் ஒருவர் 412 ரூபாய் 45 பைசாவுக்குக் குறைய மாட்டேன் என்கிறார். நடுவில் பதினைந்து பைசா இடைவெளி. அந்த இடைவெளியில்தான் சந்தை நடக்கிறது. ‘கிடைத்த விலைக்குக் கொடு’ என்றால் மார்க்கெட் ஆர்டர், உடனே 412.45-க்குக் கிடைத்துவிடும். ‘இந்த விலைக்குக் கிடைத்தால் கொடு’ என்றால் லிமிட் ஆர்டர். வரிசையில் நிற்க வேண்டும்.

நான் ரங்கநாதன் தெருவில் வளர்ந்தவன். சொன்ன விலையில் பாதியிலிருந்து பேரத்தை ஆரம்பிப்பது எங்கள் குலதர்மம். 206 ரூபாய்க்கு ஆர்டர் போட்டேன். வரிசையில்கூட நிறுத்தவில்லை, நிராகரித்துவிட்டார்கள். ஒரு நாளைக்கு இத்தனை சதவீதத்துக்கு மேல் விலை ஏறவோ இறங்கவோ கூடாது என்று வரம்பு இருக்கிறதாம். ரங்கநாதன் தெருக் கடைக்காரர் என்றால் ஒரு முறைப்பாவது முறைப்பார். அப்புறம் மனதைத் தேற்றிக்கொண்டு 410-க்குப் போட்டு உட்கார்ந்தேன். விலை 411 வரை இறங்கி வந்து, என்னைப் பார்த்துவிட்டு, திரும்பி 419-க்குப் போயிற்று. மூன்றரை மணிக்குச் சந்தை மூடியதும் என் ஆர்டரும் தானாகச் செத்துப்போனது. மறுநாள் 423-க்கு வாங்கினேன், மார்க்கெட் ஆர்டரில், கண்ணை மூடிக்கொண்டு. மொத்தம் பன்னிரண்டு பங்கு.

அன்று இரவு மின்னஞ்சலில் கான்ட்ராக்ட் நோட் வந்தது. திறப்பதற்கு பான் எண்தான் பாஸ்வேர்ட். வருமானவரிக் கணக்கைத் தவிர இவ்வளவு கவனமாக நான் எதையும் படித்ததில்லை. ஐயாயிரத்துச் சொச்சம் ரூபாய்க்கு வாங்கியதில், பங்குப் பரிவர்த்தனை வரி 0.1 சதவீதம், அதாவது ஐந்து ரூபாய். அப்புறம் முத்திரைத் தீர்வை. தரகு, சந்தைக் கட்டணம், அவற்றின் மேல் பதினெட்டு சதவீதம் ஜி.எஸ்.டி. கடைசி வரியில், சந்தையைக் கண்காணிக்கும் செபி அமைப்பின் கட்டணம். ஒரு கோடி ரூபாய் வியாபாரத்துக்குப் பத்து ரூபாய் என்பது கணக்கு. நான் பேப்பரை எடுத்து வகுத்துப் பார்த்தேன்: என் பங்குக்கு அரை பைசா. 1992-ல் ஹர்ஷத் மேத்தா வங்கிகளின் பணத்தைச் சந்தையில் புரட்டி நாட்டையே கிடுகிடுக்க வைத்தாரே, அந்த வருஷம்தான் செபிக்குச் சட்டப்படியான அதிகாரமே கிடைத்தது. அப்படிப்பட்ட அமைப்பு என்னைக் காபந்து பண்ண வாங்கும் கூலி அரை பைசா. இதற்கு மேல் என்ன பாதுகாப்பை எதிர்பார்ப்பது என்று எனக்கே கூச்சமாக இருந்தது.

உண்மையில் பாதுகாப்பு வேறு இடத்தில் இருக்கிறது. நான் பணத்தைக் கட்டிவிட்டு, அந்தப் பக்கத்து ஆள் பங்கைத் தராமல் கம்பி நீட்டினால்? நடுவில் கிளியரிங் கார்ப்பரேஷன் என்று ஒன்று உட்கார்ந்திருக்கிறது. எனக்கு அதுதான் விற்றவர்; அவருக்கு அதுதான் வாங்கியவர். யார் கையை விரித்தாலும் வியாபாரத்தை முடித்துக்கொடுப்பது அதன் பொறுப்பு. அதற்காகத் தரகர்களிடம் முன்கூட்டியே பணயப் பணம் வாங்கி வைத்திருக்கிறது. 2023 ஜனவரி 27-க்குப் பிறகு எல்லாப் பங்குகளும் மறு வேலைநாளே கணக்குக்கு வந்துவிடுகின்றன. நம் ஊரில் கேஸ் சிலிண்டரே அத்தனை சீக்கிரம் வருவதில்லை.

என் பெரியப்பா இதைக் கேட்டால் நம்பமாட்டார். அவர் காலத்தில் பங்கு என்றால் காகிதம். பூவேலை பார்டர் போட்ட சர்டிபிகேட், கூடவே டிரான்ஸ்பர் பாரம். அதைத் தபாலில் கம்பெனிக்கு அனுப்பினால், பல வாரம் கழித்து ‘கையெழுத்து ஒத்துப்போகவில்லை’ என்று திரும்பி வரும். கையெழுத்து ஒத்துப்போகாததற்குக் காரணம், விற்றவருக்கு நடுவில் பக்கவாதம் வந்ததாகக்கூட இருக்கும். கம்பெனிக்கு அதெல்லாம் தெரியாது. 1996-ல் டெபாசிட்டரி வந்து பங்குகள் கணினிப் பதிவாக மாறிய பிறகும் பெரியப்பா காகிதத்தை விடவில்லை. ‘கண்ணுக்குத் தெரியாததை எப்படி பீரோவில் வைத்துப் பூட்டுவது?’ என்பது அவர் வாதம்.

பெரியப்பா முதலீடு செய்தது லாபத்துக்காக அல்ல, போண்டாவுக்காக. சென்னையில் கம்பெனிகளின் ஆண்டுப் பொதுக்கூட்டம் நாரத கான சபாவிலும் மியூசிக் அகாடமியிலும் நடந்த பொற்காலம் அது. ஒரே ஒரு பங்கு இருந்தால் போதும், நீங்களும் முதலாளி. சேர்மன் மேடையில் இருந்து “அன்பார்ந்த பங்குதாரர்களே” என்பார். வாசலில் டிபன் பொட்டலம் இருக்கும். பெரியப்பா ஏகப்பட்ட கம்பெனிகளில் ஒவ்வொரு பங்கு வாங்கி வைத்துக்கொண்டு, ஆடி ஆவணியில் கூட்டம் கூட்டமாகப் போய்வருவார். சில நாள் காலையில் சிமென்ட், மதியம் சர்க்கரை. வரவு செலவு அறிக்கையை அவர் படித்ததில்லை. ஆனால் போண்டாவின் அளவை வைத்தே அந்த வருஷ லாபத்தைச் சொல்லிவிடுவார். போண்டா சிறுத்தால் அடுத்த வாரம் அந்தப் பங்கை விற்றுவிடுவார். 2015-ல் பொதுக்கூட்டத்தில் பரிசுப் பொருளோ கூப்பனோ கொடுக்கக் கூடாது என்று கம்பெனிச் செயலர்களுக்கான விதிமுறை வந்தது. கொரோனாவுக்குப் பிறகு கூட்டமே வீடியோவில் நடக்கிறது. நல்லவேளை, அதைப் பார்க்க அவர் இல்லை. அவருடைய பீரோவில் இருந்த காகிதங்களை எங்கள் பெயருக்கு மாற்ற வாரிசுச் சான்று, பெயர் வித்தியாசத்துக்கு அஃபிடவிட் என்று பெரியப்பா மகன் இன்னும் அலைந்துகொண்டிருக்கிறான். டிவிடெண்டை ஏழு வருஷம் கேட்காமல் விட்டால் பங்கோடு சேர்ந்து அரசாங்கத்தின் முதலீட்டாளர் பாதுகாப்பு நிதிக்குப் போய்விடும். எங்கள் குடும்பச் சொத்தில் அரசாங்கம் பாதுகாத்துக்கொண்டிருப்பது அது ஒன்றுதான்.

பன்னிரண்டு பங்கு வாங்கிய பெருமிதத்தில் நான் கொஞ்ச நாள் அந்தக் கம்பெனியின் வாட்ச்மேனைக்கூட உரிமையோடு பார்த்துக்கொண்டிருந்தேன். அவர்களுடைய ஆலை அம்பத்தூர்ப் பக்கம் இருக்கிறது. பஸ்ஸில் போகும்போது, நாம் போட்ட பணத்தில் ஒரு போல்ட்டு நட்டாவது உள்ளே இறங்கியிருக்கும் என்று நினைத்துக்கொள்வேன். மகள்தான் அந்த நினைப்பில் மண்ணைப் போட்டாள். “அப்பா, கம்பெனிக்கு உங்க காசு ஒரு பைசா போகலை. அது அந்த வித்த ஆளுக்குப் போச்சு.” கம்பெனிக்குப் பணம் போவது முதன்முதலில் ஐ.பி.ஓ.வில் பங்கு வெளியிடும்போதும், பிற்பாடு புதிதாகப் பங்கு வெளியிடும்போதும்தான். அதற்கப்புறம் நாம் வாங்கி விற்பதெல்லாம் பழைய பங்கு. ஐ.பி.ஓ.விலும் பழைய முதலாளி தன் பங்கை விற்றால் பணம் அவருக்குத்தான். 2022 மே மாதம் எல்.ஐ.சி. பங்கு வெளியிட்டபோது அத்தனை பணமும் விற்ற மத்திய அரசுக்குப் போயிற்று. 949 ரூபாய் விலை, பாலிசிதாரருக்கு 60 ரூபாய் தள்ளுபடி. பட்டியலான முதல் நாளே 949-க்குக் கீழே வந்து நின்றது.

அப்படியானால் இந்தப் பழைய பங்குச் சந்தை எதற்கு? நாளைக்கு விற்க முடியும் என்று தெரிந்தால்தான் இன்றைக்கு எவனும் ஐ.பி.ஓ.வில் பணம் போடுவான் என்றாள் மகள். ஆகவே நான் செய்வதும் ஒரு தேசத் தொண்டுதான். போல்ட்டு நட்டு கனவை விட்டுவிட்டு இதைப் பிடித்துக்கொண்டேன்.

மச்சினனுக்கு ஒரு சித்தாந்தம் உண்டு: எட்டு ரூபாய்ப் பங்கு மலிவு, எட்டாயிரம் ரூபாய்ப் பங்கு கிராக்கி. நானும் அதை நம்பி, எட்டு ரூபாய்க்கு டீகூட வராத ஊரில் ஒரு கம்பெனியே வருகிறதே என்று பூரித்ததுண்டு. இதைக் கேட்டு மகள் எம்.ஆர்.எஃப். கதையைச் சொன்னாள். 1946-ல் திருவொற்றியூரில் ஒரு கொட்டகையில் விளையாட்டு பலூன் செய்து தொடங்கிய தொழில். 2023 ஜூன் 13 அன்று அதன் பங்கு ஒரு லட்சம் ரூபாயைத் தாண்டியது. இந்தியாவில் அதற்கு முன் எந்தப் பங்கும் அந்த விலையைத் தொட்டதில்லை. ஆனால் அந்தக் கம்பெனியின் மொத்தப் பங்குகளே சுமார் 42 லட்சம்தான். பங்கைப் பிரிக்கவே இல்லை. இரண்டையும் பெருக்கினால் 42 ஆயிரம் கோடி சொச்சம். அதுதான் கம்பெனியின் சந்தை மதிப்பு. ஆயிரம் கோடி பங்குகள் இருக்கிற கம்பெனியில் ஒரு பங்கு எட்டு ரூபாய் என்றாலும் மதிப்பு எட்டாயிரம் கோடி. அந்த எட்டாயிரம் கோடிக்கு அது சம்பாதிக்கிறதா என்பதுதான் கேள்வி. பங்கின் விலை தனியாக ஒன்றும் சொல்லாது.

இதில் எனக்குப் பிடித்தது டிவிடெண்ட். லட்ச ரூபாய்ப் பங்குக்கு எம்.ஆர்.எஃப். இடைக்கால டிவிடெண்டாக அறிவிப்பது மூன்று ரூபாய். வருஷக் கடைசியில் பெரிதாகத் தருவார்கள் என்பதும் உண்மை. 2022-23-க்கு எல்லாம் சேர்த்து 175 ரூபாய். ஆனாலும் அந்த மூன்று ரூபாய் வங்கியில் வரவாகிற குறுஞ்செய்தியைக் கோடீஸ்வரர்கள் எப்படி வாசிப்பார்கள் என்று யோசித்துப் பார்த்து நான் பல மாலைப் பொழுதுகளைச் சந்தோஷமாகக் கழித்திருக்கிறேன்.

டிவியில் சென்செக்ஸ் விழுந்தால் எங்கள் வீட்டில் காப்பிக்குச் சர்க்கரை குறையும். சென்செக்ஸ் என்பது முப்பது பெரிய கம்பெனிகளின் சராசரி நாடித்துடிப்பு. 1978-79-ல் நூறு என்று வைத்துக்கொண்டு எண்ணத் தொடங்கியது இப்போது பல பத்தாயிரங்களில் நிற்கிறது. செய்தி வாசிப்பவர் புள்ளிகளைத்தான் சொல்வார், ஏனென்றால் அதில்தான் பீதி இருக்கிறது. 2024 ஜூன் 4, தேர்தல் முடிவு வந்த அன்று 4,389 புள்ளி இறங்கியது, சதவீதத்தில் ஆறுக்குள். 2020 மார்ச் 23 அன்று இறங்கியது 3,934 புள்ளி. புள்ளிக் கணக்கில் அது சின்னது, சதவீதத்தில் பதின்மூன்று. பத்து சதவீதம் விழுந்ததும் முக்கால் மணி நேரம் சந்தையையே நிறுத்தி வைத்தார்கள், எல்லாரும் தண்ணீர் குடித்துவிட்டு வரட்டும் என்று.

அந்த முக்கால் மணி நேரத்தில் எல்லாவற்றையும் விற்றுவிடுவது என்று நான் தீர்மானித்தேன். பாஸ்வேர்ட் மறந்துபோயிற்று. மகளுடைய பிறந்தநாளைப் போட்டேன், கல்யாண நாளைப் போட்டேன். “கல்யாண நாள் அது இல்லீங்க” என்றாள் மனைவி, வாசலில் காய்கறியை மஞ்சள் தண்ணீரில் போட்டுக்கொண்டே. கணக்கு பூட்டிக்கொண்டது. புது பாஸ்வேர்ட் பழைய கைபேசி எண்ணுக்குப் போகும் என்றார்கள்; அந்த எண்ணை நான் மாற்றி வெகுகாலம். ஊரடங்கில் எந்த அலுவலகமும் போனை எடுக்கவில்லை. நான் மறுபடி உள்ளே நுழைந்தபோது, அன்று 26 ஆயிரத்துக்குக் கீழே போன சென்செக்ஸ் ஏறத் தொடங்கியிருந்தது. வருஷக் கடைசியில் 47 ஆயிரத்தையும் தாண்டியது. மச்சினன் இன்றைக்கும் தன் வாடிக்கையாளர்களிடம் என்னைத்தான் உதாரணம் காட்டுகிறான்: “எங்க மாமாவைப் பாருங்க, கொரோனாவுலகூட அசையலையே! நீண்டகால முதலீட்டாளர்னா அவர்தான்.” நலச் சங்கக் கூட்டத்தில் இது பற்றிப் பேசச் சொல்லிக்கூடக் கேட்டார்கள். பேசினேன்.

எதிர்வீட்டுப் பையன் இதையெல்லாம் கிழவர்களின் விளையாட்டு என்பான். அவனுக்கு ஆப்ஷன்ஸ். நாளைக்கு நிஃப்டி என்கிற குறியீட்டெண் எங்கே நிற்கும் என்று இன்றைக்குப் பந்தயம். பங்கே இல்லாமல் பங்குச் சந்தை. காலையில் பைக் வாங்குவான், மதியம் விற்பான், எல்லாம் பேச்சில்தான். 2024 செப்டம்பரில் செபி ஒரு ஆய்வை வெளியிட்டது. மூன்று நிதியாண்டுகளில் இந்த ஃபியூச்சர்ஸ், ஆப்ஷன்ஸில் இறங்கிய ஒரு கோடிக்கும் மேற்பட்ட தனிநபர்களில் 93 சதவீதத்தினருக்கு நஷ்டம், மொத்தம் 1.8 லட்சம் கோடிக்கு மேல். அந்தப் பணத்தை அள்ளியது யார் என்றும் அதில் இருந்தது: சொந்தப் பணத்தில் வியாபாரம் செய்யும் பெரிய நிறுவனங்களும் வெளிநாட்டு முதலீட்டாளர்களும். அவர்களுடைய லாபத்திலும் 95 சதவீதத்துக்கு மேல் கணினி நிரல்கள் தாமாகச் செய்த வியாபாரத்தில் வந்தது. ஆக, எதிர்வீட்டுப் பையனுக்கு அந்தப் பக்கத்தில் உட்கார்ந்திருக்கும் ஆளுக்குப் பசி கிடையாது, தூக்கம் கிடையாது, மச்சினனும் கிடையாது. பையனிடம் சொன்னேன். “அங்கிள், அந்த ஏழு பர்சென்ட்ல நான் ஒருத்தன்” என்றான். மற்ற 93 பேரும் அதையேதான் சொல்லியிருப்பார்கள் போலிருக்கிறது.

இத்தனை காலமாக எங்கள் வீட்டில் ஒருவர் மட்டும் சந்தையில் நஷ்டமே படாமல் இருக்கிறார். மனைவியின் சந்தை பதிவு பெற்ற ஏலச்சீட்டு. இருபது பேர், ஆளுக்கு மாதம் ஐயாயிரம், சீட்டு ஒரு லட்சம். பணம் அவசரமாக வேண்டியவர் தள்ளிக் கேட்க வேண்டும். இருபத்தைந்தாயிரம் தள்ளி ஒருவர் எடுத்தால் அவர் கைக்கு எழுபத்தைந்தாயிரம். தள்ளியதில் ஐயாயிரம் சீட்டு நடத்துபவரின் கமிஷன். மீதி இருபதாயிரத்தை இருபது பேருக்கும் கழிவாகப் பிரித்தால் ஆளுக்கு ஆயிரம். அந்த மாதம் நாலாயிரம் கட்டினால் போதும். கடன் வாங்குகிறவரும் வட்டி சம்பாதிக்கிறவரும் ஒரே பெஞ்சில் உட்கார்ந்திருக்கிற சந்தை உலகத்தில் இது ஒன்றுதான் என்று நினைக்கிறேன்.

அவள் ஏலத்தன்று கூறைப் பட்டுப் புடவையோடு போய் உட்கார்ந்து, ஒரு வார்த்தை பேசாமல், எதிரில் இருப்பவர்களைப் பார்ப்பாள். எந்த வீட்டில் பையனுக்குக் கல்லூரிக் கட்டணம் கட்ட வேண்டும், எந்த வீட்டில் போர்வெல் வற்றிவிட்டது, யார் வளையல் போடாமல் வந்திருக்கிறார்கள் என்பதெல்லாம் அவளுக்கு அத்துப்படி. யார் தள்ளுவார்கள், எவ்வளவு தூரம் தள்ளுவார்கள் என்று முந்தின இரவே சொல்லிவிடுவாள். அவள் மட்டும் கடைசி வரைக்கும் கேட்கமாட்டாள். மாதா மாதம் கழிவை வாங்கிக்கொண்டு, இருபதாவது மாதம் கமிஷன் போக முழுத் தொகையையும் எடுத்துவருவாள். கனடாவின் வாத்தியார் பென்ஷன்காரர்களுக்கு இந்த விவரமெல்லாம் கிடைக்க வழியே இல்லை.

போன சீட்டு முடிந்ததும் அவள் அந்தப் பணத்தைக் கையில் வைத்துக்கொண்டு, “நீங்க மாசா மாசம் கட்டற அந்த மியூச்சுவல் ஃபண்டைப் பத்திச் சொல்லுங்க, பார்ப்போம்” என்றாள். வாழ்க்கையில் அவள் என்னிடம் ஆலோசனை கேட்ட முதல் தருணம். தொண்டையைச் செருமிக்கொண்டேன். ஆயிரக்கணக்கான பேருடைய பணத்தைச் சேர்த்து ஒரு மேனேஜர் ஐம்பது அறுபது கம்பெனிகளில் போடுகிறார், மாதா மாதம் ஐந்தாம் தேதி வங்கியிலிருந்து தானாகப் போகும், விலை இறங்கின மாதம் அதிக யூனிட் வரும், ஏறின மாதம் குறைச்சலாக வரும் என்றெல்லாம் விளக்கினேன்.

“சீட்டு நடத்தறவருக்குக் கமிஷன் எவ்வளவு?”

“இதுல சீட்டு நடத்தறவர் கிடையாது. ஃபண்ட் மேனேஜர்.”

“சம்பளம் இல்லாமலா பார்க்கறாரு? அவருக்கு எவ்வளவு?”

“செலவு விகிதம்னு ஒண்ணு உண்டு. வருஷத்துக்கு ஒண்ணே முக்கால் சதவீதம்.”

“வருஷா வருஷமா? மொத்தப் பணத்துக்குமா?” அவள் நிமிர்ந்து உட்கார்ந்தாள். “என் சீட்டுல ஒரே தடவைதானே அஞ்சு சதவீதம்!”

ஆறு மாதத்துக்கு ஒருமுறை வருகிற கணக்கு அறிக்கையை எடுத்துவரச் சொன்னாள். நான் அதைத் திறந்ததே இல்லை. கவரோடு பிரிட்ஜ் மேல் அடுக்கி வைத்திருந்தேன். கண்ணாடியைப் போட்டுக்கொண்டு விரல் வைத்து வரி வரியாக வாசித்தாள். ஃபண்டின் பெயருக்குப் பக்கத்தில் ‘ரெகுலர்’ என்று போட்டிருந்தது. அது என்ன என்று கேட்டாள். ஒழுங்காகக் கட்டுகிறவர்களுக்கு அப்படிப் போடுவார்கள் என்று சொன்னேன். மகள் அறையிலிருந்து சிரிக்கும் சத்தம் கேட்டது. 2013-லிருந்து ‘டைரக்ட்’ என்று இன்னொன்று இருக்கிறதாம். அதே ஃபண்ட், அதே மேனேஜர், அதே கம்பெனிகள், செலவு மட்டும் குறைச்சல். நடுவில் ஏஜென்ட் இருந்தால் ரெகுலர். அவருக்கு நம் பணம் அங்கே இருக்கும்வரை வருஷா வருஷம் கமிஷன். அந்தத் தொகையை அறிக்கையிலேயே ரூபாயில் அச்சடித்திருந்தார்கள்.

மனைவி அந்த ரூபாயை வாசித்தாள். இன்னொரு கவரைப் பிரித்து அதிலிருந்ததையும் வாசித்தாள். பிரிட்ஜ் மேல் இருந்த எல்லாக் கவர்களையும் இறக்கச் சொன்னாள். கூட்டல் முடிந்ததும் கண்ணாடியைக் கழற்றினாள்.

“யாருங்க ஏஜென்ட்டு?”

“உன் தம்பிதான்.”

அவனைச் சும்மா விட்டுவிடுவாள், கூடப் பிறந்தவன்தானே என்று நினைத்தேன். எனக்கு எந்தச் சந்தையும் பிடிபட்டதில்லை.

“இவ்வளவு வாங்கிட்டு, தீபாவளிக்கு அரைக் கிலோ மிக்ஸரா கொடுத்தான்?” என்று சொல்லிக்கொண்டே போனை எடுத்தாள்.

“ஸ்பீக்கர்ல போடு” என்றேன்.